எல்லாரும் ஒரே வார்த்தையாக

1

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஊழியர்கள் தேநீர் குடிக்கும் அறை மிகச் சிறியது. நாலு பேர் உட்கார்ந்தால் முழங்கால்கள் இடிக்கும். அப்படிப்பட்ட அறையில் ஒருவரோடு பேசாமல் இருப்பது லேசான காரியம் அல்ல. பாடுபட்டுத்தான் பேசாமல் இருக்க வேண்டும். சென்ற வசந்த காலத்தில் அங்கே எல்லோரும் அப்படிப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள்.

யாரும் பேசாத அந்தப் பெண்ணின் பெயர் கிரேஸ். சிம்பாப்வே நாட்டுக்காரி. உரத்த குரல், அதைவிட உரத்த சிரிப்பு. நான் சேர்ந்த புதிதில், படுக்கையில் கிடப்பவர்களை நம் முதுகும் நோகாமல் அவர்களுக்கும் வலிக்காமல் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று காட்டிக்கொடுத்தவள் அவள்தான்.

நடந்தது இதுதான். மேல் மாடியில் இருந்த ஒரு மூதாட்டி கட்டிலிலிருந்து விழுந்து வெகுநேரம் தரையிலேயே கிடந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. அந்த மாடியில் இரண்டு பேர் வேலையில் இருக்க வேண்டும். அன்றைக்கு இருந்தது கிரேஸ் மட்டும். அவள் அடுத்த முனையில் வேறொருவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதை விசாரிக்க அரசாங்கப் பரிசோதகர்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மேலாளர் பெண்மணி எங்களை எல்லாம் கூட்டிவைத்துப் பேசினார். அதட்டவில்லை. கவலையோடு பேசினார். நாம் ஒரு குடும்பம் என்றார். அன்றைக்கு மாடியில் இரண்டு பேர் இருந்தார்கள் என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னால் போதும் என்றார். உங்களில் பலருடைய விசா இந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, இந்த இடத்தை மூடிவிட்டால் எங்கே போவீர்கள் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை என்றார். நாங்கள் தலையை ஆட்டினோம். யாரையும் மிரட்டியதாக ஒருவரும் நினைக்கவில்லை.

பரிசோதகர்கள் வந்த அன்று எனக்கு ஓய்வு நாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிரேஸைக் கேட்டார்கள். நான் மட்டும்தான் இருந்தேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை மேலாளர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். கிரேஸுக்கு மட்டும் சொல்லாமல் கடந்து போனார். அவ்வளவுதான். வேறு ஒரு உத்தரவும் இல்லை. மத்தியானம் நான் தேநீர் அறைக்குப் போனபோது கிரேஸ் ஒரு பக்கம் தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் கதிரைகளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரமாக நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் கோப்பையோடு துணி துவைக்கும் அறைக்குப் போய் நின்றேன். அதற்குப் பயம் மட்டும் காரணம் அல்ல. அந்த மௌனம் எனக்குத் தெரிந்தது. பதின்மூன்று வயதில் அதற்குள்ளேயே நான் வாழ்ந்திருக்கிறேன்.

2

என் பெயர் புஷ்பராணி. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். ஹட்டனில் வாழ்க்கைப்பட்டேன். கணவர் த்ரீவீலர் ஓட்டுகிறார். பெட்ரோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் கிடந்த அந்த வருஷத்தில்தான் நான் வெளிநாடு போவதென்று முடிவு செய்தோம். எல்லாக் கடதாசிகளும் கைக்கு வருவதற்குள் இந்த நாட்டுச் சட்டம் மாறி, என்னைப் போன்றவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்றாகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, போய்த்தான் பார்ப்போம் என்று விமானம் ஏறினேன்.

இது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன நகரம். வந்த புதிதில் காலையில் பார்ப்பவர்கள் எல்லாம் "நலமா?" என்று கேட்பார்கள். நான் நின்று, முதுகுவலியைப் பற்றியும் மகளுடைய பரீட்சையைப் பற்றியும் சொல்ல ஆரம்பிப்பேன். திரும்பிப் பார்த்தால் கேட்டவர் அடுத்த கதவைத் திறந்துகொண்டு போய்விட்டிருப்பார். அது கேள்வி அல்ல, வணக்கம் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் சுகந்தி அக்கா.

சுகந்தி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். பல வருஷமாக இதே இல்லத்தில் இருக்கிறார். எனக்கு அறை பார்த்துக்கொடுத்தது அவர். வெள்ளிக்கிழமைகளில் சோறு கட்டிக்கொண்டு வந்து கொடுத்ததும் அவர். முதல் நாள் ஊரைப் பற்றிக் கேட்டபோது, "நாங்க லயத்துல இருந்தோம்க்கா" என்றேன்.

"லாயமோ? குதிரை கட்டுற இடத்திலயோ இருந்தனீங்கள்?" என்றார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். வரிசையாகக் கட்டிய வீடுகள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர் என்று விளக்கினேன். இருவரும் தமிழ்தான் பேசுகிறோம். ஆனாலும் என் ஊரை நான் ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

வீட்டில் ஒரே மகள், ஹர்ஷினி. நான் வந்த முதல் வருஷம் வீடியோவில் என்னை விடமாட்டாள். பிறகு "ம்" என்றாள். பிறகு "பரவால்ல" என்றாள். பிறகு அப்பாவின் போனில் முகத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட ஆரம்பித்தாள். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் கையை விட்டுப் போகிறார்கள் என்று இங்கே பலர் குறைப்படுகிறார்கள். என் பிள்ளை சொந்த ஊரில், சொந்தப் பாஷையில் இருந்துகொண்டே என்னை விட்டுத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தாள்.

கிரேஸின் விவகாரம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் அவள் பெரியவளாகிவிட்டாள். வீட்டோடு தண்ணீர் ஊற்றி, சடங்கைப் பள்ளி விடுமுறையில் மண்டபம் எடுத்துச் செய்வோம், நீ வந்து சேர் என்றார் கணவர். விடுமுறை கேட்டேன். பார்க்கலாம் என்று மேலாளர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். நான் ஹர்ஷினியிடம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அன்று மட்டும் அவள் போனை விட்டு நகரவில்லை. என்ன நிறத்தில் சேலை என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

3

தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இதை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா கொழுந்து பறிப்பவர். லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, அதாவது முன்னறையும் அடுப்படியும். பக்கத்துக் காம்பராவில் ராக்கம்மா பெரியம்மா. இரத்த உறவு இல்லை. ஆனால் எனக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு டிக்கோயா வைத்தியசாலைக்கு பஸ் ஏறியவர் அவர்தான் என்று அம்மா அடிக்கடி சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவம் எரிந்துபோயிற்று. தோட்டத் தலைவருடைய மகனும் அவனுடைய கூட்டாளிகளும் உள்ளே உட்கார்ந்து குடித்திருக்கிறார்கள். சிகரெட் நெருப்போ, வேறு எதுவோ. லயத்தில் எல்லோருக்கும் தெரியும். தலைவர் என்பவர் தொழிற்சங்கத்தின் ஆள். தோட்ட அதிகாரியான துரையிடம் நமக்காகப் பேசுகிறவர். ஒரு சாவு, கலியாணம், பிறப்புப் பதிவு என்றாலும் அவரிடம்தான் போக வேண்டும். மோசமான மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது.

பொலிஸ் வருவதற்கு முன்னால் அவர் எல்லோரையும் மாரியம்மன் கோயில் முற்றத்துக்குக் கூப்பிட்டார். நானும் அம்மாவின் பக்கத்தில் நின்றேன்.

"பொலிசு வந்தா நம்ம புள்ளைங்க அத்தன பேரையும் ஏத்திக்கிட்டு போயிரும்," என்றார். "அடிச்சி கைய கால ஒடச்சித்தான் அனுப்புவாங்க. அதனால எல்லாரும் ஒரே வார்த்தையா சொல்லணும். காவக்காரன் குணபால குடிச்சிட்டு மடுவத்துக்குள்ள படுத்துக் கெடந்தான். அவன் பீடி நெருப்புதான். அவன் சிங்களவன், பொலிசுக்கு அவங்க ஆளு. அவனுக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் சொன்ன பயம் பொய்யான பயம் அல்ல. பொலிஸ் ஜீப்பில் ஏறிப் போன பிள்ளைகள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதைப் பார்த்தவர்கள்தான் அந்த முற்றத்தில் நின்றிருந்தார்கள். "சரிங்க தலைவரே" என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

அம்மாவுக்குத்தான் ஒரு சிக்கல். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அரிசி வாங்க பொகவந்தலாவை பஜாருக்குப் போயிருந்தார். குணபாலவும் அங்கே இருந்தார். அரிசி மூட்டையை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அதே பஸ்ஸில் அம்மாவோடு திரும்பி வந்தவர் அவர். இருவரும் இறங்கியபோது மடுவம் ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது.

கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் ராக்கம்மா பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி, நீ ஒண்ணும் சொல்லாட்டி போ. தெரியாதுன்னு சொல்லிட்டு நில்லு. அது போதும்."

"அப்புடித்தான் அக்கா நெனச்சிருக்கேன்," என்றார் அம்மா. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார்.

4

பொலிஸார் லயத்து வாசலில் ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார்கள். குணபால ஜீப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அடி வாங்கியிருந்தார். உதடு வீங்கியிருந்தது. ஒவ்வொருவரும் அவரைப் பார்க்காமல், கற்றுக்கொடுத்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். ராக்கம்மா பெரியம்மாவும் சொன்னார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்.

அம்மாவின் முறை வந்தது. கேள்வியைக் கேட்ட அதிகாரி அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அம்மா தெரியாது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி இப்படிச் சொன்னார்: அந்த ஆள் டவுனில் இருந்தார். என்னோடு பஸ்ஸில்தான் வந்தார்.

வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தலைவரின் மகன் பெயரைச் சொல்லவில்லை. பஸ் கண்டக்டரை விசாரித்தார்கள். அவரும் அதையே சொன்னார். குணபாலவை விட்டுவிட்டார்கள். விசாரணை திரும்பி, தலைவரின் மகனைக் கூட்டிப்போய் அடைத்து, சில நாளில் விட்டார்கள். கை கால் எதுவும் ஒடியவில்லை. ஆனால் அதற்குள் எங்கள் கதை முடிந்துவிட்டது.

தலைவர் கோபப்படவில்லை. பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், எல்லோரும் நிற்கும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"அந்த வீட்டோட யாரும் போக்குவரத்து வச்சிக்கிட வேணாம்."

அன்று பின்னேரம் நான் குடத்தோடு தண்ணீர்ப் பீலிக்குப் போனேன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். குடங்களை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். எனக்கு வழி விட்டார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். ஒருவரும் திரும்பச் சிரிக்கவில்லை. மலையில் அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் நிரை கடைசியில் தனியாக. கொழுந்துச் சாக்கைத் தூக்கித் தலையில் வைக்க ஒரு கை கிடைக்காமல், கல்லின் மேல் சாக்கை ஏற்றி, குனிந்து தானே தலையில் வாங்கிக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து அடுத்த வாங்கில் போய் உட்கார்ந்தாள். போகும்போது என் அழிறப்பரைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

யாரும் எங்களைத் திட்டவில்லை. கல் எறியவில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் பதிலுக்கு நாங்களும் கத்தியிருக்கலாம்.

அப்பா மாத முடிவில் வந்தார். தோட்டத்து ரோட்டிலேயே அவருக்கு விஷயம் எட்டிவிட்டது. வீட்டுக்குள் வந்ததும், "ஊரே ஒண்ணு சொல்லயில ஒனக்கு மட்டும் என்ன கேடு?" என்று கேட்டார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு என்னையவே பாத்துக்கிட்டு நின்னாருங்க," என்றார். "நான் பொய் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வரல."

அப்பா மறுநாளே கொழும்புக்குப் போய்விட்டார்.

5

இந்த நிலையில்தான் நான் பெரியவளானேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளை பெரியவளானால் லயமே அந்த வீட்டுக்குள் வந்துவிடும். தாய்மாமன் ஓலைத் தடுப்புக் கட்டுவார். பெண்கள் சுற்றி நின்று மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். என் மாமா கீழ் லயத்தில்தான் இருந்தார். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். ஓலைத் தடுப்பை அம்மாவே கட்டினார்.

அம்மா விடவில்லை. தண்ணீர் ஊற்றும் நாளைக் குறித்து, வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கதவைத் திறந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வருகிறோம் என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை. அன்று காலை அம்மா அண்டாவில் சோறு வடித்து, கிழங்கும் பருப்பும் கறியாக்கி, வாசலில் கோலம் போட்டுவிட்டு, குளித்து நின்றார். நான் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவரும் வரவில்லை.

பக்கத்துக் காம்பராவில் ராக்கம்மா பெரியம்மா இருந்தார். அன்றைக்கு மலைக்கும் போகவில்லை. ஒரு சுவர்தானே. வானொலி பாடவில்லை, பாத்திரம் உருளவில்லை. அவ்வளவு சத்தமில்லாமல் ஒரு வீட்டில் ஒருவர் இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே ஒரு தடவை இருமினார். உடனே வாயைப் பொத்திக்கொண்டது போல இருமல் பாதியில் நின்றது.

வெயில் ஏறியபிறகு வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. குணபாலவின் மனைவி சோமா அக்கா. கீழே இருந்த சிங்களக் கிராமத்திலிருந்து ஏறி வந்திருந்தார். கையில் வாழையிலையால் மூடிய பாற்சோறு. அம்மா அவருக்குச் சொல்லவே இல்லை. எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார்.

"எங்க பக்கம் வேற மாதிரி செய்றது," என்றார் உடைந்த தமிழில். "பரவால்ல. நீ சொல்லு, நான் ஊத்துறது."

இரண்டு பெண்களும் சேர்ந்து எனக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழ வேணாம் துவ," என்று முகத்தைத் துடைத்துவிட்டார். துவ என்றால் சிங்களத்தில் மகள். அந்த அன்பை இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு அவர் வேண்டியிருக்கவில்லை. ராக்கம்மா பெரியம்மாதான் வேண்டியிருந்தது.

மீந்த சோற்றை அம்மா மாட்டுக்கு வைத்தார். சோமா அக்கா வந்துபோனது எங்கள் நிலையை இன்னும் மோசமாக்கியது. சிங்களத்தி வந்து தண்ணீர் ஊற்றினாள், அப்போதே தெரியவில்லையா அவள் யார் பக்கம் என்று அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

அந்த விலக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். யாரும் முடித்துவைக்கவில்லை. அடைமழையில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே பானை. அம்மா தன் பாட்டுக்கு அரிசியைக் களைந்து போட்டார். யாரும் தடுக்கவில்லை. கொதிக்கும்போது ராக்கம்மா பெரியம்மா பக்கத்தில் வந்து, "உப்பு போட்டியாடி?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லக்கா," என்றார் அம்மா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எல்லோரும் பேசினார்கள், நடந்ததைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. எனக்கு அது பெரிய குறையாக இருந்தது. கலியாணமாகி ஹட்டனுக்கு வந்தபிறகு தோட்டத்துக்கு நான் போனதெல்லாம் அம்மாவைப் பார்க்க மட்டும்தான்.

6

துணி துவைக்கும் அறையில் நின்று தேநீர் குடித்த அன்றும் மறுநாளும் நான் எனக்குள் ஒரே வாதமாக வாதாடினேன். எனக்கு விசா இருக்கிறது, மகள் இருக்கிறாள், விடுமுறை இன்னும் முடிவாகவில்லை. கிரேஸுடன் நான் ஒன்றும் சண்டை போடவில்லையே. வேறு அறையில் தேநீர் குடிப்பது ஒரு குற்றமா? வாதம் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு இருமல் வந்தது. கிரேஸ் பக்கத்து அறையில் இருக்கிறாள், கேட்டுவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

பொத்திய கையை எடுக்கவே கொஞ்சநேரம் ஆயிற்று. ராக்கம்மா பெரியம்மாவை நான் எத்தனையோ வருஷம் வெறுத்திருக்கிறேன். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நிம்மதியாக உட்கார்ந்திருந்ததாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் நான் கோப்பையோடு தேநீர் அறைக்குப் போவதைச் சுகந்தி அக்கா பார்த்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிள்ளை, எங்க போறீர்?"

"தேத்தண்ணி குடிக்கக்கா."

"எனக்குத் தெரியாதே? உமக்கு என்னத்துக்கு உந்த வேலை? அவள் இன்றைக்கோ நாளைக்கோ போயிடுவாள். நீர்தான் இஞ்ச இருக்கப் போறீர். உம்மட லீவு இன்னும் மனேஜரின்ர கையிலதான் இருக்கு. மகளை நினைச்சுப் பாரும்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். "தெரியும்க்கா," என்றேன். "கால் நிக்க மாட்டேங்குது."

உள்ளே போய் கிரேஸுக்கு எதிரே உட்கார்ந்தேன். ஜன்னலோரப் பேச்சு நின்றது. கிரேஸ்தான் முதலில் பேசினாள்.

"எனக்குப் பரிதாபப்பட்டு வந்தாயா?"

இல்லை என்றேன். உன் சமையலில் உப்பு எவ்வளவு போடுவாய் என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே அப்போது விளங்கவில்லை. அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். பிறகு சோளக்களியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பேச்சை நிறுத்தவே இல்லை. மூன்று நாளாக அந்தக் கட்டிடத்தில் அவளிடம் வேலையைத் தவிர வேறு எதையும் யாரும் பேசியிருக்கவில்லை.

7

அந்த வாரக் கடைசியில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். ஆள் பற்றாக்குறை, விடுமுறை தர முடியாது, மிகவும் வருந்துகிறேன் என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருக்கத்தான் செய்தது. சுகந்தி அக்கா வெள்ளிக்கிழமைச் சோற்றை நிறுத்திவிட்டார். வழியில் கண்டால் தலையைக் குனிந்துகொண்டார். கிரேஸை அதே நிறுவனத்தின் இன்னொரு இல்லத்துக்கு, வேறொரு நகரத்துக்கு மாற்றினார்கள். பஸ் நிறுத்தத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏதோ அவளுடைய பாஷையில் சொன்னாள். என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தேநீர் அறையில் கிரேஸின் அந்தத் தனிக் கதிரை எனக்கு.

கணவருக்கு விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் பொண்ணு ஒனக்கு என்ன சொந்தமா?" என்றார். "நம்ம புள்ள ஒவ்வொரு நாளும் கலண்டர பாத்துக்கிட்டு இருக்கா புஷ்பா." ஹர்ஷினி போனுக்கு வரவில்லை. "நீங்க வரமாட்டீங்கன்னு எனக்கு மொதல்லயே தெரியும்" என்று ஒரு குரல் செய்தி மட்டும் அனுப்பியிருந்தாள். அதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

அம்மாவிடம் பேசியபோது அவர் வேறு ஒரு விஷயத்தை எடுத்தார். சடங்குக்குத் தோட்டத்தில் யாருக்கெல்லாம் சொல்வது?

"யாருக்கும் சொல்ல வேணாம்," என்றேன். "எனக்கு வந்தாங்களா?"

"வரலதான்."

"பக்கத்து வீட்டுல உக்காந்துக்கிட்டே வரல."

"எனக்குத் தெரியாதா? அண்டாவ கழுவுனது நான்தான." அம்மா கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நாளைக்கி நான் செத்தா என்னைய தூக்கிட்டுப் போறது யாருடி? நீ வந்துருவியா? அவங்கதான் தூக்கணும். ராக்கம்மாவுக்கு நான் போயிச் சொல்லத்தான் போறேன். ஒங்கிட்ட சும்மா கேட்டேன்."

எனக்குத் துணி துவைக்கும் அறை நினைவுக்கு வந்தது. "சரிம்மா, சொல்லுங்க," என்றேன். மன்னித்துவிட்டதால் அப்படிச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி இல்லை. மறுத்துச் சொல்ல முன்பிருந்த தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

8

சடங்கு அன்று எனக்குக் காலை வேலை. அங்கே பின்னேரம், இங்கே முற்பகல். இடைவேளை கிடைத்ததும் படுக்கை விரிப்புகள் அடுக்கிவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். கணவர் போனைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிக் காட்டினார். என் மகள் நாங்கள் போனில் பேசி வைத்த அந்தச் சேலையில் இருந்தாள். யாரோ ஒரு பெரிய பெண் போல இருந்தாள். கமராவைப் பார்த்தாள், சிரிக்கவில்லை.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து நலுங்கு வைத்தார்கள். கணவர் வீட்டார், டவுன் ஆட்கள். பிறகு தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள். முகங்கள் மூப்படைந்திருந்தன. ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வயதானவர் வந்தார். ராக்கம்மா பெரியம்மா. சந்தனத்தை எடுத்தார். ஹர்ஷினியின் கன்னத்தில் வைத்தார். வைத்தபிறகும் கையை எடுக்கவில்லை.

"இந்தாங்க, புஷ்பா இருக்கா, பேசுங்க," என்று கணவர் போனை அவரிடம் நீட்டினார்.

அவர் போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்தார். ஒரு கண் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"மெலிஞ்சி போயிட்டியே புள்ள," என்றார்.

"இல்ல பெரியம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

ஏதோ சொல்லப்போவது போல வாய் அசைந்தது. நான் காத்திருந்தேன். இருபது வருஷத்துக்கு மேலாகக் காத்திருந்த வார்த்தை அது. வரவில்லை. அழுதார். மண்டபத்துக்கு நடுவில், அத்தனை பேர் முன்னால், மேளச் சத்தத்துக்குள் தோள் குலுங்க அழுதார். யாரோ வந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

போன் ஹர்ஷினியின் கைக்கு வந்தது. அவள் என்னையும் பார்த்தாள், அவர் போன பக்கமும் பார்த்தாள்.

"அம்மா, அந்தப் பாட்டி ஏன் அழுவுறாங்க? நீங்க ஏன் அழுவுறீங்க?"

அந்தச் சேலைப் பேச்சுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வாயைத் திறந்தேன். அதே நேரம் வெளியே யாரோ ஒருவரின் அழைப்பு மணி அடிக்க ஆரம்பித்தது. இடைவேளை முடிந்துவிட்டது. போகாமல் இருக்க முடியாது. மேல் மாடியில் அந்த மூதாட்டி வெகுநேரம் தரையில் கிடந்தது எனக்குத் தெரியும். நான் எழுந்தேன். எழும்போது கதவு திறந்தது.

சுகந்தி அக்கா விரிப்பு எடுக்க வந்திருந்தார். தரையில் என் பையையும், கையில் போனையும், அதில் சேலை கட்டிய பிள்ளையையும் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை வெளியே நீட்டி நடைபாதையின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். மேலாளரின் அறைக் கதவு சாத்தியிருந்ததா என்று பார்த்தாராக்கும்.

"நீர் பிள்ளையோட கதையும்," என்றார் தணிந்த குரலில். "மணிக்கு நான் போறன்."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். சிறிது நேரத்தில் மணி நின்றது.

நான் மறுபடியும் உட்கார்ந்தேன். போனில் என் மகள் இன்னும் காத்திருந்தாள்.

"அவங்க பேரு ராக்கம்மா," என்றேன். "நாங்க லயத்துல இருக்கயில, எங்களுக்கும் அவங்களுக்கும் ஒரே செவுரு."